எலுமிச்சம்பழமும் முன் சக்கரத்துக் கல்லும்

1

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். அதை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்திருக்கிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப் போவதில்லை. கம்பத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரம் அடித்து ஜீப் பட்டறை போட்டேன். ஆடிக்காற்று அந்தத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போனது. தேடிப் பிடித்து வந்து மறுபடி அடித்தேன். மஸ்கட்டில், மணலுக்கு நடுவே கிணறு தோண்டும் வண்டி ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. இனி இது காயலான் கடைக்குத்தான் என்று எல்லாரும் சொன்னதை நான் ஓட வைத்தேன். அதைப் பார்த்துத்தான் ஓர் ஆஸ்திரேலியாக்காரர் என்னை இங்கே கூப்பிட்டார். வந்து நிலைப்பதற்கு ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டும் என்றார்கள். என்னைத் தோற்கடித்துக்கொண்டே இருந்தார்கள், நானும் எழுதிக்கொண்டே இருந்தேன். கடைசியில் களைத்துப்போனது அவர்கள்தான்.

இன்று முர்ரே ஆற்றங்கரையில், மில்டுரா என்ற ஊரில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒச்சப்பன் என்ற என் பெயரில் ஒரு பட்டறை நடக்கிறது. வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு என் பெயரை வாயில் நுழைக்கப் பாடுபடுவார்கள். ‘ஓச்’ என்பார்கள். திருத்துவேன். மறுநாளும் ‘ஓச்’ என்றுதான் வருவார்கள். பையனைப் படிக்க வைத்தேன். பழனிசெட்டிபட்டியில் மாடி வீடு கட்டினேன். மச்சினன் வேலுச்சாமி முதல் பிக்கப் எடுக்கும்போது முன்னால் நின்றவனும் நான்தான்.

இவ்வளவும் செய்தவனை ஓர் எலுமிச்சம்பழம் ஓரங்கட்டிவிட்டது.

தேனி பஜாரில் ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறதாம். வேலுச்சாமி பிக்கப்புக்கு அடியில் படுத்து வேலை பார்த்தபோது வண்டி நகர்ந்துவிட்டது, முன் சக்கரத்தில் வைத்த எலுமிச்சம்பழம் தன்னைக் காவு கொடுத்து அவனைக் காப்பாற்றிவிட்டது என்று. டீக்கடையில் சொல்கிறார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்கிறார்கள். அந்தக் கதையில் நான் எங்கேயும் இல்லை. நான் எங்கே இருந்தேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

வேலுச்சாமி என் மனைவி தவமணியின் தம்பி. தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டியில் ஷெட் வைத்திருக்கிறான். சுருளிப்பட்டி, கூடலூர்ப் பக்கம் பன்னீர்த் திராட்சை ஏற்றி, லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி மலை ஏறி, அந்தப் பக்கம் கேரளத்தில் கொண்டுபோய் இறக்குவது அவன் பிழைப்பு. திராட்சை லோடு சிமெண்டு மூட்டை மாதிரி சொன்ன பேச்சைக் கேட்காது. வண்டியின் பின்பக்கம் அமுங்கி, வளைவில் ஒரு குழியில் இறங்கி எழுந்தால் அடிப்பெட்டியில் சாறுதான் மிஞ்சும். அதற்காக, சில வருஷங்களுக்கு முன்னால் ஊருக்கு வந்திருந்தபோது நானே அவன் வண்டிக்குப் பின்னால் இரண்டு ஏர்பேக் மாட்டிக் கொடுத்தேன்.

ஏர்பேக் என்றதும் விபத்தில் முகத்துக்கு முன்னால் விரியும் பையை நினைக்காதீர்கள். இது வேறு. பின் அச்சுக்கும், வண்டியின் அடிச்சட்டமான சேஸுக்கும் நடுவில் உட்காரும் கெட்டி ரப்பர் பை. காற்றடித்தால், பட்டை ஸ்பிரிங்குக்குத் துணையாகத் தோள் கொடுக்கும். இது இருந்தால் கூடுதலாக லோடு ஏற்றலாம் என்று கம்பத்தில் சிலர் சொல்லித் திரிகிறார்கள். பொய். வண்டி நிமிர்ந்து நிற்கும், அவ்வளவுதான். சேஸும் பிரேக்கும் பழைய சேஸும் பிரேக்கும்தான்.

அந்தப் பைகளில் ஒன்று சைலன்சர் சூட்டில் வெந்து கிழிந்துவிட்டது என்று வேலுச்சாமி போன் செய்தான். ஒன்று போனால் இரண்டையும் மாற்றுவதுதான் முறை. ஜோடி வாங்கிக்கொண்டு இங்கே பார்சல் ஆபீசுக்குப் போனேன். பொருள் என்ன என்று கேட்டாள் கவுண்டரில் இருந்த பெண். சொன்னேன். அவள் கையை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டு, வெடிக்கும் பொருளை அனுப்ப முடியாது என்றாள். இது வெடிக்காதம்மா, ரப்பர்தான் என்று பெட்டியைத் திறந்து அமுக்கிக் காட்டினேன். அவள் இன்னும் பின்னால் போனாள். மேலதிகாரி வந்தார். அவருக்கு மேலே ஒருவருக்குப் போன் போனது. கடைசியில் என் மகன் செந்தில் ஆபீசிலிருந்து போனில் பேசி, ‘சஸ்பென்ஷன் உதிரி பாகம்’ என்று எழுதச் சொன்ன பிறகுதான் முத்திரை விழுந்தது. நான் அவ்வளவு நேரமும் சொன்னதைத்தான் அவனும் சொன்னான். அவன் வெள்ளைக்காரன் மாதிரி மூக்கால் சொன்னான், அதுதான் வித்தியாசம்.

“அப்பா, தேனியில ஒரு மெக்கானிக்கிட்ட விட்டா முடிஞ்சிரும். இங்க இருந்துக்கிட்டு ஏன் இவ்வளவு கஷ்டம்?” என்றான் செந்தில், அன்று ராத்திரி வீட்டில்.

“நான் கெளம்பி வந்த பெறகு தேனியில மெக்கானிக்னு எவன்டா இருக்கான்?” என்றேன்.

பேத்தி நிலா சிரித்தாள். “உங்க ஊர்ல வண்டியத் தூக்குற லிப்ட் இல்லையா தாத்தா?” என்று கேட்டாள்.

உங்க ஊர். அவளுடைய அப்பன் பிறந்தது தேனி ஆஸ்பத்திரியில். அவளுக்கு அது என் ஊர், நான் எங்கேயோ வாங்கிப் போட்ட மனை மாதிரி. சின்னப் பிள்ளையிடம் கோபித்து என்ன செய்ய?

3

வண்டியைத் தூக்குவதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கம்பத்தில் பட்டறை வைத்திருந்த காலத்தில் ஒருநாள், ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிய ஜீப் லோயர் கேம்புக்கு மேலே, மலை ஆரம்பிக்கும் இடத்தில் ஸ்பிரிங் பட்டை உடைந்து நின்றுவிட்டது. ஜீப்பில் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். ஆள் அனுப்பினார்கள். ஜாக்கியும் பட்டையுமாகப் போய் இறங்கினேன். பெண்கள் ரோட்டோரம் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ஏலே ஒச்சு, இன்னிக்குக் காயெடுக்கப் போவமா, இல்ல இங்கனயே அடுப்பப் பத்தவச்சுக் குடித்தனம் பண்ணுவமா?” என்றாள் ஒருத்தி.

“ஆத்தா, வாய மூடிக்கிட்டு சக்கரத்துக்குக் கல்லப் போடுங்க மொதல்ல.”

“கல்லுப் போட்டு எம்புட்டு நேரமாச்சு. ஒனக்குக் கண்ணு எங்கன இருக்கு?”

குனிந்து பார்த்தேன். எல்லாச் சக்கரத்துக்கும் கல் இருந்தது. மலை ஜீப்பில் போகிறவர்களுக்கு அது பழக்கம். வண்டி நின்றால் இறங்குவார்கள், இறங்கினால் கல்லைப் போடுவார்கள். டிரைவர் சொல்ல வேண்டியதில்லை. மலை வண்டியை எந்த நேரமும் கீழே இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அவர்கள் காலுக்குத் தெரியும்.

சமதளத்தில் இருப்பவர்களுக்குத்தான் அது மறந்துபோகிறது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டேன், கியரில் விட்டுவிட்டேன், இனி என்ன என்பார்கள். வேலுச்சாமியின் பிக்கப்பில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரத்தை. கியர் பிடிப்பதும் பின் சக்கரத்தை. அந்தப் பின் சக்கரத்தையே அந்தரத்தில் தூக்கிவிட்டால் எது எதைப் பிடிக்கும்? முன் சக்கரம் குழந்தை கையில் கொடுத்த பொம்மை வண்டி மாதிரிதான் தரையில் நிற்கும். கல் ஒன்றுதான் காவல். இதை நான் என் பட்டறையில் வேலைக்குச் சேரும் ஒவ்வொருவனிடமும் சொல்லியிருக்கிறேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். அவர்களுக்கு நன்றாகவே புரிகிறது.

4

பைகள் பழனிசெட்டிபட்டி போய்ச் சேர்ந்த வெள்ளிக்கிழமை, அங்கே காலை, இங்கே மத்தியானம் தாண்டிய நேரம். பட்டறையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து, சமையலறை மேஜையில் போனை நிறுத்தி உட்கார்ந்தேன். தவமணி எதிரே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வேலுச்சாமியின் ஷெட் கண்ணுக்கு முன்னால் வந்தது. சிமெண்டுத் தரை, ரோட்டைப் பார்த்து லேசான சரிவு. மூக்கை ரோட்டுப் பக்கம் வைத்து நின்றது பிக்கப். பக்கத்தில் பஞ்சர் கடைக் கம்ப்ரசர் சத்தம்.

“மச்சான், தெரியுதா?”

“ஒன் மூக்குதான் தெரியுது. போனத் தள்ளிப் பிடி. ஜாக்கிய எங்கன வச்சிருக்க?”

“ஹவுசிங்லதான். எப்பவும் வக்கிற எடம்.”

பின் அச்சை நம் பட்டறைகளில் ஹவுசிங் என்பார்கள். டயர் மாற்றுகிறவன் அங்கேதான் ஜாக்கி வைப்பான்.

“எடு அத. டயரா மாத்தப் போற? அச்சத் தூக்குனா பை நசுங்கியேதான் கெடக்கும். சேஸுக்குக் கீழ வையி. சேஸு மேல போகட்டும், அச்சு தானாத் தொங்கட்டும். அப்பத்தான் பை உருவ எடம் கெடைக்கும். அதுக்கு முந்தி பையில இருக்குற காத்த எறக்கு.”

“அதான் கிழிஞ்சு போச்சே, காத்து ஏது?”

“கிழியாத பை?”

திரையில் வண்டியின் அடிப்பக்கம் வந்தது. பிறகு புஸ்ஸென்று சத்தம் மட்டும் கேட்டது. அந்தக் காற்றோடு போல்டைக் கழற்றியிருந்தால் பை அவன் முகத்தில்தான் எகிறியிருக்கும். இது என் முதல் பங்கு. எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து ஸ்டாண்டு. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு இல்லை. ஜாக்கியை நம்பி அடியில் படுக்கிறவன், அதற்குள் இருக்கும் எண்ணெய் கசியாது என்று நம்பிப் படுக்கிறான்.

“ஹாலோபிளாக் கெடக்கு மச்சான். ரெண்டு பக்கமும் அடுக்கிக்கிறேன்.”

“செவத்துக்கு வக்கிறத வண்டிக்கு வக்காத மாப்ள. அது நொறுங்குறப்ப சொல்லிட்டு நொறுங்காது. லாரிப் பட்டறையில ஸ்டாண்டு இருக்கும், போய் வாங்கிட்டு வா. அதுவரைக்கும் நான் இங்கனயேதான் இருப்பேன்.”

“ஆஸ்திரேலியாவுல உக்காந்துக்கிட்டு நல்லா அதிகாரம் பண்ணுறீக.”

“ஒங்க அக்காவக் கட்டுனவன் பண்ணாம வேற எவன் பண்ணுவான்?”

“இதுல என்னைய இழுக்காதீக” என்றாள் தவமணி, கீரையிலிருந்து தலையைத் தூக்காமல்.

இரும்பு ஸ்டாண்டு இரண்டும் வந்தன. முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கல் வைக்கச் சொன்னேன். வைத்தான். சேஸைத் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து, ஜாக்கியை மெல்ல இறக்கி, பாரம் ஸ்டாண்டில் உட்கார்ந்ததா என்று வண்டியைக் கையால் அசைத்துப் பார்க்கச் சொன்னேன். அசைத்தான். பிறகு அச்சுக்குக் கீழே சும்மா தொட்டுக்கொண்டிருக்கும்படி ஜாக்கியை மாற்றச் சொன்னேன். அச்சு ரொம்பத் தொங்கினால் பிரேக் டியூப் இழுபடும். எல்லாம் ஆனதும் அவன் போனை வண்டிக்குப் பின்னால் கொண்டுபோனான், வேலையைக் காட்ட.

“அங்கன வேணாம். போன முன் சக்கரத்துக்கு நேரா, அந்த ஆயில் டின்னு மேல சாத்தி வையி.”

“வேலை நடக்குறது பின்னால. முன்னால பாத்து என்ன செய்யப் போறீக?”

“கல்லப் பாக்கப் போறேன்.”

“கல்லு எங்க மச்சான் ஓடிப் போகப் போகுது?” என்று சிரித்துக்கொண்டே, சொன்ன இடத்தில் வைத்துவிட்டு அடியில் போனான்.

5

கல்லைப் பார்த்துக்கொண்டிருப்பது சுவாரசியமான வேலை இல்லை. ஸ்பேனர் சத்தம் கேட்டது. இரண்டு போல்டு கழன்ற சத்தம் எனக்குக் காதால் தெரிந்தது. தவமணி கீரையை அலசப் போனாள். அப்போது திரையில் ஒரு சேலை முந்தானை வந்தது.

வேலுச்சாமியின் மனைவி இந்திரா. கையில் தாம்பாளம், அதில் எலுமிச்சம்பழம், சூடம், குங்குமம். வண்டிக்குப் புதிதாக எது மாட்டினாலும் சக்கரத்துக்குக் கீழே பழம் வைத்து, சூடம் காட்டி, பழத்தை ஏற்றி நசுக்கி எடுத்தால்தான் வண்டி ரோட்டுக்குப் போகும். நம் பக்கம் எல்லா வண்டிக்கும் உள்ள வழக்கம். எனக்கும் அதில் குறை ஒன்றும் இல்லை. என் பட்டறையில் முதல் டிராக்டருக்கு நானும் வைத்தேன், சொந்தக்காரன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் பிறக்கிறது. வேலை எப்போது முடியுமோ, அதற்குள் நேரம் போய்விடும், பழத்தையாவது முன்கூட்டியே வைத்துவிடுவோம் என்று நினைத்திருக்கிறாள்.

பழம் வைக்கிற இடத்தில் கல் இருந்தது. அவள் குத்தவைத்து உட்கார்ந்து, இடது சக்கரத்துக்கு முன்னால் இருந்த கல்லைக் கையால் உருட்டித் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் பழத்தை வைத்தாள். குங்குமம் இட்டாள். எழுந்து வலது சக்கரத்துக்கு நடந்தாள்.

“இந்திரா! ஏ இந்திரா! கல்லு! கல்லத் தொடாத!” என்று கத்தினேன். இங்கே ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அங்கே என் சத்தம் ஆயில் டின்னைத் தாண்டவில்லை. கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. வண்டிக்கு அடியில் வேலுச்சாமியின் இரண்டு கால் மட்டும், பாதம் மேலே பார்த்தபடி.

“தவமணி! இந்திராவுக்குப் போன் போடு! கல்ல வைக்கச் சொல்லு!”

ஈரக்கையோடு ஓடி வந்தாள். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அவள் போனில் மணி போவது எனக்குக் கேட்டது. திரையில் இந்திரா வலது பக்கம் குனிந்துவிட்டாள். கை கல்லுக்குப் போய்விட்டது. இடுப்பில் செருகியிருந்த போன் அடித்ததும் நிமிர்ந்தாள்.

“மதினி, பூசை பண்ணிக்கிட்டு இருக்கேன், பெறகு…”

“அடியே, கல்ல வையிடி! மச்சான் கத்துறாக! வண்டி உருளப் போகுது, எடுத்த கல்ல வையி!”

அந்த நேரத்தில் நான் பார்த்ததை வேறு யாரும் பார்க்கவில்லை. இடது சக்கரம் மெதுவாக, சத்தமில்லாமல், பழத்தின் மேல் ஏறியது. ஒரு விரற்கடை. பழம் பிதுங்கிச் சாறு தரையில் ஓடியது. வலது பக்கக் கல்லில் முட்டி வண்டி நின்றது. எந்தக் கல்? நான் வைக்கச் சொன்ன, இந்திராவின் கை எடுக்கப்போய் எடுக்காமல் விட்ட கல்.

இந்திரா போனைக் காதில் வைத்தபடியே ஓடி வந்து இடது பக்கக் கல்லைத் திரும்பத் தள்ளினாள். தாம்பாளம் எங்கேயோ விழுந்த சத்தம். “வெளிய வாங்க! வெளிய வந்து தொலைங்க!” என்று புருஷன் காலைப் பிடித்து இழுத்தாள். வேலுச்சாமி வெளியே வந்தான். பிதுங்கிக் கிடந்த பழத்தைப் பார்த்தான்.

“யாரு வண்டிய நகட்டுனது?”

அவன் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து, போனை முகத்துக்கு நேராகத் தூக்கினான். “மச்சான், ஸ்டாண்டு சாஞ்சிருக்கு. ஒரு கால் தரையில இல்ல” என்றான்.

“எதையும் தொடாத. ரெண்டு பக்கமும் கல்ல இறுக்கு. ஜாக்கிய சேஸுக்குக் கொடுத்து ஸ்டாண்ட உருவிட்டு, வண்டியக் கீழ எறக்கு. மொதல்ல இருந்து ஆரம்பிப்போம்.”

இறக்கினான். மறுபடி தூக்கலாம் என்றபோது இந்திரா குறுக்கே வந்து நின்றாள்.

“அண்ணே, ராகு காலம் பொறந்திருச்சு. இனிமே பன்னெண்டு வரைக்கும் ஒருத்தரும் அடியில போகக் கூடாது. நீங்க கோவிச்சுக்கிட்டாலும் சரி.”

நான் விட்டுக்கொடுத்தேன். பயந்துபோனவன் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பதும் நல்லதுதான். வேலுச்சாமி டீ வாங்கிக் குடித்தான். தவமணி அடுப்பில் கீரையை வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சின்னத் திரையில், தரையில் நிற்கும் ஒரு பிக்கப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சக்கரத்துக்குக் கல் இருந்தது. இங்கே வெயில் ஜன்னலை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. இங்கே வந்த இத்தனை வருஷத்தில் அவ்வளவு நேரம் பேசாமல் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது இல்லை.

பன்னிரண்டுக்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. பழைய பை இரண்டும் வந்தன, புதுசு இரண்டும் ஏறின. காற்றுக் குழாயைச் சைலன்சரை விட்டுத் தள்ளிக் கட்டச் சொன்னேன். கொஞ்சமாகக் காற்றடித்து, மூட்டில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்க்கச் சொன்னேன். வரவில்லை. பிறகுதான் வண்டி தரைக்கு வந்தது. இந்திரா வேறு பழம் வைத்தாள். அதை வேலுச்சாமியே சீட்டில் உட்கார்ந்து ஏற்றி நசுக்கினான்.

6

அடுத்த லோடு குமுளி ஏறி இறங்கியது. அங்கே சரக்கு எடுக்கிற மலையாளி அடிப்பெட்டியைத் திறந்து பார்த்து, “ஒந்நும் கேடில்லல்லோ”, ஒன்றும் கெடவில்லையே என்று ஆச்சரியப்பட்டாராம். அந்தப் பேச்சு கூடலூர், கம்பம் என்று பரவி, இப்போது பிக்கப்காரர்கள் ஏர்பேக் மாட்ட வேலுச்சாமியைத் தேடி வருகிறார்கள். நல்லது. நன்றாக இருக்கட்டும்.

ஆனால் வருகிறவர்களிடம் என்ன கதை சொல்கிறார்கள்? பழம் காப்பாற்றியது. இந்திரா நேர்ந்துகொண்டு குச்சனூருக்குப் போய் எள் விளக்கு ஏற்றிவிட்டு வந்தாள், சனீஸ்வரர் காப்பாற்றினார். குச்சனூர்ச் சாமியோடு எனக்கு எந்தப் போட்டியும் இல்லை. அடுத்த முறை வரும்போது நானும் விளக்குப் போடுவேன். ஆனால் சாமி கல்லை வைக்கச் சொல்லிப் போன் போடவில்லை.

‘போன் போட்டது நான்தான்’ என்கிறாள் தவமணி. உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. போடச் சொன்னது நான்.

போன வாரம் வேலுச்சாமி ஷெட்டுக்கு முன்னால் ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறான். போட்டோ அனுப்பினான். நடுவில் கூலிங்கிளாஸ் போட்டு அவன். பக்கத்தில் இந்திரா. மேலே குச்சனூர்க் கோபுரம். ஓரத்தில் பஞ்சர் கடைக்காரர், ஸ்டாண்டு கொடுத்த லாரிப் பட்டறைக்காரர், இன்னும் எனக்கு யாரென்றே தெரியாத இரண்டு வெள்ளைச் சட்டைகள். மூலையில் ஓர் எலுமிச்சம்பழம்கூட அச்சடித்திருக்கிறது. நான் இல்லை.

போன் செய்து கேட்டேன்.

“மச்சான், நீங்க கைய வைக்கலையே. நீங்க அங்கன இருந்தீக” என்றான்.

இதுதான் எனக்கு உறைத்தது. நான் கோபப்படவில்லை, நிதானமாகத்தான் எழுதுகிறேன். ஊரை விட்டு வந்தவன் கை வைக்க முடியாது. அவன் பார்த்துக்கொண்டுதான் இருக்க முடியும். கடல் தாண்டி உட்கார்ந்து, போல்டு கழற்றுவதை வேடிக்கை பார்க்காமல், யாரும் பார்க்காத ஒரு கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேனே, அதுவும் வேலைதான். அன்றைக்கு அங்கே நடந்த வேலைகளிலேயே பெரிய வேலை அதுதான்.

ஆகவே இதைப் படிக்கிற பழனிசெட்டிபட்டிக்காரர்கள் என் மச்சினனிடம் போய்ச் சொல்ல வேண்டும். பழம் இருக்கட்டும், கோபுரம் இருக்கட்டும், கூலிங்கிளாஸும் இருக்கட்டும். அந்த ஃபிளெக்ஸில் ஒச்சப்பன், மில்டுரா என்று என் பெயர் வர வேண்டும். ‘வெளிநாட்டில் வசிக்கும் மச்சான்’ என்றெல்லாம் போடக் கூடாது. ‘கல்லைப் பார்த்தவர்’ என்று போட வேண்டும். எழுத்து வேலுச்சாமியின் பெயரை விட ஒரு நூல்கூடச் சின்னதாக இருக்கக் கூடாது.